பெயர் எழுதுகிறவர்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சிகளில் 'நிகழ்வு ஆய்வு' என்று ஒரு தாள் கொடுப்போம். ஒரு பெண், ஒரு பிரச்சினை, ஒரு திட்டம், கடைசியில் கோழிக்கூட்டுக்கு முன்னால் அந்தப் பெண் சிரித்தபடி நிற்கும் படம். நிதி தந்தவர்கள் அதை 'வெற்றிக் கதை' என்று கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள். நானும் இருபது வருடத்துக்கு மேலாக அப்படி எழுதித் தள்ளியவன்தான். இந்தத் தாள் அந்தக் கோப்புக்கு உதவாது. இதில் வருகிறவர் வென்றதைவிடத் தோற்றது அதிகம். அவற்றில் இரண்டு அவருடைய சொந்தப் பிழை. அந்த இரண்டையும் விடாமல் எழுத வேண்டும், தன் பெயரை எழுதக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் அவர் பேசச் சம்மதித்தார்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: 1948இல் பிறந்தவர். ஊர், திருகோணமலை நகரத்துக்கு வடக்கே நிலாவெளி வீதியை ஒட்டிய ஒரு கரையோரக் கிராமம். தகப்பனுக்குக் கடற்படைத் தளத்தின் டொக்யாட்டில் வேலை. கணவர் தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மூவர். 1974 முதல் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், இடையில் சில வருடங்கள் தலைவி. 2018 முதல் 2023 வரை பிரதேச சபை உறுப்பினர். ஊரில் பேரப்பிள்ளை வயதுக்காரரும் அவரைச் 'செயலாளர் அக்கா' என்றே அழைக்கிறார்கள். சபைக்குப் போன பிறகும் அது 'உறுப்பினர் அக்கா' என்று மாறவில்லை. நானும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவின் வீட்டில் அலுமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே சீஆர் கொப்பிகள் என்னும் தடித்த அட்டைக் குறிப்பேடுகள். சில கறையான் தின்றவை, சில 2004இல் கடல்நீரில் ஊறிக் காய்ந்து அப்பளமாகிப்போனவை. இந்த ஆய்வுக்கு என்னிடம் இருந்தவை அந்தக் கொப்பிகளும், ஏழெட்டுப் பின்னேரங்களில் அக்கா சொன்னவையும், அக்காவோடு முரண்பட்ட நால்வர் சொன்னவையும்தான்.

கையெழுத்து

திருகோணமலையில் பெண்களின் பொதுவேலை சபைக்குள்ளே தொடங்கியது அல்ல. பள்ளிக்கூடத்திலும் கோயில் வீதியிலும் அன்னதான மடத்திலும் தொடங்கியது. தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடக்கிவைத்த நகரம் இது. பெண்களுக்கு வாக்குரிமை வந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து, 1931இல். அக்காவின் தாய் அந்த வாக்குரிமையோடு வளர்ந்த முதல் தலைமுறை. வாக்குப் போடுவதற்கு அவர் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு போவாராம்.

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையில் நடந்தது. தொண்டர்கள் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். எட்டு வயது அக்காவுக்கு அரசியலாக நினைவிருப்பது அவர்களுடைய கால்கள். கொப்புளம் வெடித்த பாதங்களுக்குத் தாய் மஞ்சளும் நல்லெண்ணெயும் காய்ச்சிக் கொடுத்தார், மகள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வருடம் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கைமாற்றிவிட்டுப் போனது, தகப்பனின் வேலையும் போனது. தமிழரசுக் கட்சி நடத்திய 1961 சத்தியாக்கிரகத்தில் தாய் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் போய் இருந்தபோது, வீட்டில் தம்பிமாருக்குச் சோறு வடித்தது அக்கா. "அரசியல் என்றால் ஒருவர் வெளியே போய் இருப்பது, இன்னொருவர் வீட்டில் சோறு வடிப்பது என்று அப்போதே தெரிந்துவிட்டது" என்றார். அவர் சபைக்குப் போன காலத்தில் சோறு வடித்தவர் கணவர். இதை எழுதிக்கொள்ளும்படி அக்கா இரண்டு முறை சொன்னார். கணவர் உள்ளேயிருந்து, "கறியும்தான்" என்று திருத்தினார்.

கொப்பி வந்தது 1964 டிசம்பர் 22 இரவுக்குப் பிறகு. அந்தச் சூறாவளியில் ஊரின் கிடுகுக் கூரைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கிய சனத்துக்கு நிவாரணம் வரப்போகிறது, பெயர் வேண்டும் என்றார்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்து அழகாக இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு கொப்பியைக் கொடுத்தார். பெயர், தலை எண்ணிக்கை, கூரை போனதா சுவர் போனதா. அன்று பின்னேரம் ஒருவர் வீட்டுக்கு ஒரு கோழியைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனாராம். தாய் அதை அவிழ்த்து அவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"பெயர் எழுதுகிறவளிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். பதினாறு வயதில் எனக்கு அது பிடித்திருந்தது" என்றார் அக்கா. பொதுவாழ்வுக்கு வந்த காரணத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இன்னொருவரை நான் சந்தித்ததில்லை.

சபை இல்லாத காலம்

அரிசிக் கூப்பன், 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. அரசாங்கம் மாறும்போதெல்லாம் உதவியின் பெயர் மாறியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே பொருள்: பெயர்ப் பட்டியல். அது கிராம உத்தியோகத்தரின் மேசையில் பிறந்து, மேலே போய், சில பெயர்கள் கழிந்து திரும்பி வரும். மாதர் சங்கச் செயலாளரின் அதிகாரம் அந்த மேசைக்கு எதிரே போட்ட கதிரை. சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அதிகாரிக்குத் தெரியாது, செயலாளருக்குத் தெரியும்.

பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987இல் வந்தது. 1991இல் நாட்டின் மற்றப் பகுதிகள் உள்ளூராட்சிக்கு வாக்களித்தபோது வடக்கு கிழக்கில் வாக்கெடுப்பு இல்லை. உள்ளூர் அரசியல் என்பதைத் தேர்தலும் ஆசனமும் என்று மட்டும் வரையறுத்தால், இந்த ஊர்களில் அப்போது அரசியலே இருக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். அக்காவின் கொப்பிகளில் மிகத் தடித்தவை அந்த வருடங்களுக்குரியவை. யார் எந்த முகாமில், யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, யாருக்குப் பிச்சைச் சம்பளம் நின்றது, எந்தப் பிள்ளை பரீட்சைக்கு விண்ணப்பிக்க உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும்.

முதல் பிழை இங்கே. 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கி ஊர் பாடசாலையில் ஒதுங்கியது. உலர் உணவு வந்தது, எல்லோருக்கும் போதாது. ஊருக்குப் பின்புறம், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த சில குடும்பங்கள் இருந்தன. பலருக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி இல்லை, வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. அக்கா பிறந்த வருடத்தில், 1948இல் வந்த சட்டம்தான் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சத்தை 2003இல் வந்த சட்டம்தான் தீர்த்தது. 1990இல் கொப்பியை எழுதிய அக்கா, ஊர்ப் பெயர்களை எழுதி முடித்து, ஒரு கோடு இழுத்து, 'ஏனையோர்' என்று தலைப்பிட்டு அவர்களை எழுதினார். அரிசி மேலேயிருந்து கீழே பங்கிடப்பட்டது.

"கடதாசி இல்லாதவர்களை எப்படி மேலே எழுதுவது என்று நினைத்தேன்" என்றார். அதிகாரியின் மேசைக்கு எதிரே எத்தனையோ தடவை அவரே எதிர்த்துப் பேசிய நியாயம் அது. மேசையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் புத்தி மாறும் போலிருக்கிறது.

ஒரேயொரு கோடு

நான் அக்காவை முதலில் கண்டது 2005 தை மாதத்தில். சுனாமி வந்து மூன்று வாரம். கூடாரத்துக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒரு நிவாரண நிறுவனத்தின் சார்பில் எங்கள் படிவத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதே கேள்விகளோடு இது ஆறாவது கடதாசி, தம்பி. நீங்கள் ஆறு பேரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லையா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

வடக்கு கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அப்போது அறிவித்திருந்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். இந்த ஊரில் பாதி வளவுகள் அந்த 200க்குள் விழுந்தன. ஆகவே உள்ளே அரச காணியில் புதுக் குடியிருப்பு, புது வீடு, அதற்கு அனுமதிப்பத்திரம். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு. அக்கா வழக்கம்போல ஆண்களின் பெயர்களை எழுதிக்கொண்டே போனார். பழக்கம் அப்படி.

இழப்பு எங்கே இருக்கிறது என்பது வெளியூர் வாசகருக்குச் சட்டென்று பிடிபடாது. கிழக்குக் கரையில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்கு. தாயின் வளவில் ஒரு பங்கு அல்லது தகப்பன் கட்டிக் கொடுத்த வீடு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியேறுவார். தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். மனைவிக்கும் கணவனுக்கும் எத்தனை பேச்சு முற்றினாலும் வாசலை விட்டு இறங்கவேண்டியவள் அவள் இல்லை. கடல் அடித்துப்போனது பெண்ணின் பெயரில் இருந்த வீட்டை, அதற்கு மாற்றாக அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்தது ஆணின் பெயரில் ஒரு வீட்டை. இதைச் செய்ய எந்தச் சட்டத்தையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. படிவத்தில் ஒரு கோடு போதுமாக இருந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் அக்கா இல்லை. பக்கத்து முஸ்லிம் ஊரின் கூடாரத்தில் இருந்த ஒரு ராத்தா (முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்). தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றபோது கேட்டாராம்: "என்ட உம்மா எனக்குத் தந்த வளவு அக்கா அது. இப்ப வீடு அவர்ட பேரில வருகுது. நாளைக்கு அவர் போ என்றால் நான் எங்க போறது?" இந்த வாக்கியத்தை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல், கொப்பியில் இருந்தபடியே தருகிறேன். அக்கா அதை அன்றிரவே எழுதிவைத்திருக்கிறார்.

மறுநாள் இருவரும் இரண்டு ஊர்ப் பட்டியலையும் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். இப்போது ஒரு பத்தி கூடுதலாக இருந்தது: 'போன வளவு யாருடையது?' அலுவலகத்தில் அந்தப் பத்தியை எவரும் பார்க்கவில்லை. ஆதாரம் கேட்டார்கள். காணி உறுதிப் பத்திரங்கள் கடலோடு போய்விட்டன. அக்காவுக்குக் காணிப் பதிவகம் ஞாபகத்துக்கு வந்தது. பதிந்த உறுதி என்றால் அங்கே அதன் பதிவு இருக்கும். உறுதி இலக்கம் தெரியாத பெண்களிடம் எழுதிய நொத்தாரிசு யார், எந்த ஆண்டு, கலியாணத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பஸ்ஸில் நகரத்துக்குப் போய் வந்தார்கள். போன செலவு, வந்த செலவு, பிரதிக் கட்டணம், இடையில் குடித்த இரண்டு பிளேன்டீ எல்லாம் கொப்பியில் இருக்கிறது. ராத்தா நோன்பிருந்த நாட்களில் ஒரு பிளேன்டீதான்.

இரண்டு ஊரிலுமாகப் பதினான்கு பேருக்கு அனுமதிப்பத்திரம் பெண்ணின் பெயரில் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருவர் பெயரிலும் எழுதலாமே என்று கேட்டதற்கு, அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. பதினான்கு பெரிய எண் இல்லைதான். அந்தப் பதினான்கு வீடுகளில் இரண்டில் கணவர்கள் பிறகு வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார்கள். வீடு போகவில்லை.

2006 ஏப்ரல் 12இல் நகரத்துச் சந்தையில் குண்டு வெடித்தது, தொடர்ந்து கலவரம். இந்த வீதியில் ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்குப் பெண்கள் நடந்து போன காலம் அத்தோடு கொஞ்ச நாளுக்கு நின்றது. ஆனால் பட்டியல் வேலை பாதியில் கிடந்தது. பாண்காரரின் சைக்கிள் பெட்டியில், பாணுக்கு அடியில், கொப்பி போய்வந்தது. பக்கங்களில் வெண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

சான்றிதழ்

இரண்டாவது பிழை இது. இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா கணவரை எழுந்து வெளியே போகச் சொன்னார்.

1990இல் கணவன் காணாமல்போன ஒரு பெண். கூட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள், திரும்பி வந்ததைக் கண்டவர் எவரும் இல்லை. ஒரு மகன், இரண்டு மகள்மார். மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். மூத்த மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. சீதனமாகக் கொடுக்க இருந்தது குடியிருந்த காணி ஒன்றுதான். அது அரச காணி அனுமதிப்பத்திரம், காணாமல்போன கணவன் பெயரில். அவர் இறந்தார் என்று கடதாசி இல்லாமல் எதுவும் நகராது.

2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்திருந்தது. குழப்பங்களின்போது காணாமல்போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதிவுசெய்ய அது வழிவிட்டது. அக்கா அதைக் கேள்விப்பட்டுப் படிவத்தை எடுத்துவந்தார். அந்தப் பெண் கையொப்பமிட மறுத்தார். அக்கா ஒரு மாதம் விடாமல் போனார். காணி, மகள், மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாள், இழப்பீடு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "கடதாசிக்குத்தானே, மனதுக்கு இல்லையே" என்றும் சொன்னார். கடைசியில் அந்தப் பெண் கையொப்பமிட்டார்.

சான்றிதழ் வந்தது. காணி நகரவில்லை. வாரிசு நியமிக்காமல் ஒருவர் இறந்தால், 1935 முதல் இருந்துவந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவி சீவியகாலம்வரை இருக்கலாம், அதற்குப் பின் முன்னுரிமை மகனுக்கு. ஊர் வழக்கப்படி மகளுக்குப் போகவேண்டிய வளவு, சட்டப்படி கனடாவில் இருக்கிற மகனுக்குப் போகும். அக்காவுக்கு இந்தப் பகுதி அப்போது தெரியாது. கலியாணம் எப்படியோ கடன்பட்டு நடந்தது.

அந்தப் பெண் பொட்டை அழிக்கவில்லை. "சான்றிதழும் எடுத்தாள், பொட்டும் வைக்கிறாள்" என்று ஊரில் சொன்னார்கள். கோயிலில் மங்கலக் காரியத்துக்கு ஒரு கூட்டம் அவரை ஒதுக்கியது, இன்னொரு கூட்டம் திவசம் ஏன் செய்யவில்லை என்று கேட்டது. அவர் அக்காவோடு பேசுவதை விட்டார். 2016இல், இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. ஆறு வருடம் பொறுத்திருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது. கலியாண நாள் பொறுத்திருக்காது என்பதும் உண்மை. அக்காவுக்குச் சாதகமாக நான் இந்த நியாயத்தைச் சொன்னபோது, அவர் ஏற்கவில்லை. "நாளைக் காரணம் காட்டி நான் அவளைக் கையொப்பமிடச் செய்தேன். அவள் 'இல்லை' என்று சொன்னது ஒரு பதில் என்று எனக்குத் தோன்றவில்லை" என்றார்.

2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் திருகோணமலையிலும் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணும் கணவனின் படத்தோடு போய் இருந்தார். அங்கேயும் மரணச் சான்றிதழ் எடுத்தவர் என்ற பேச்சு அவரைத் தொடர்ந்தது. ஒரு நாள் மத்தியான வெயிலில் அக்கா போய்ப் பக்கத்தில் இருந்தார். இருவரும் பேசவில்லை. பின்னேரம் எழும்போது அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சமாதானம் என்று எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

காணிச் சட்டத்தின் அந்த ஆண்முன்னுரிமை 2022இல் திருத்தப்பட்டது. இளைய மகளை அழைத்துக்கொண்டு அக்கா மறுபடி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இந்த முறை தாயின் சம்மதத்தை முதலில் கேட்டுவிட்டு. கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது.

பொன்னாடையும் மலசலகூடமும்

உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நீண்டகாலம் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். 2016இல் வந்த திருத்தம் 25 சதவீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. வட்டார வேட்பாளர்களில் பத்திலொரு பங்கு, மேலதிகப் பட்டியலில் (கட்சி பெறும் வாக்குக்கேற்ப நியமிக்கப்படுவோரின் பட்டியல்) பாதி பெண்களாக இருக்கவேண்டும் என்றும் விதித்தது. 2018 பெப்ரவரி 10 தேர்தலுக்கு முன்பு கட்சிகள் பெண்களைத் தேடி ஓடின. அக்கா வீட்டுக்கு மூன்று ஆண்கள் ஒரு பொன்னாடையோடும் படிவத்தோடும் வந்து, "பெயரை மட்டும் தாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். ஐம்பது வருடமாக ஊரின் பெயர்களையெல்லாம் எழுதியவருக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. பொன்னாடையைப் பேத்தி இன்று மேசைவிரிப்பாகப் பயன்படுத்துகிறாள்.

அக்கா சபைக்குப் போனது மேலதிகப் பட்டியலில். அப்படிப் போனவருக்கு வட்டாரம் கிடையாது. பயிற்சிகளில் நாங்கள் போதியளவு சொல்லிக்கொடுக்காத விடயம் இது. வட்டார உறுப்பினர் "என் வீதி, என் விளக்கு" என்று கேட்பார். பட்டியல் பெண் எந்த வீதியைச் சொன்னாலும் அது இன்னொருவரின் வீதி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, தன் வாழ்நாள் வேலைக்கும் சபைக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. நலன்புரிப் பட்டியல் பிரதேச செயலகத்தின் பொறுப்பு, காணியும் அப்படியே. சபைக்கு உரியவை கிறவல் வீதி, வடிகான், குப்பை, சந்தை, மயானம், நூலகம், தெருவிளக்கு. "சங்கத்தில் இருந்தபோது பட்டியலில் பெயர் சேர்க்க முடிந்தது. சபைக்குப் போன பிறகு பல்பு மாற்றத்தான் முடிந்தது" என்றார்.

அவர் கொண்டுவந்த பிரேரணைகளில் நிறைவேறியது ஒன்று: வாராந்தச் சந்தையில் மரக்கறியும் மீனும் விற்கும் பெண்களுக்கு ஒரு மலசலகூடம். விடியற்காலையில் வந்து பின்னேரம்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து வியாபாரம் செய்கிறார்கள் என்று அவர் பேசியபோது இரண்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஒருவர் அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்றார். அக்கா அடுத்த கூட்டத்துக்கு மூன்று மீன்காரிகளைப் பொதுமக்கள் பகுதியில் கொண்டுவந்து இருத்தினார். பிறகு சிரிப்பில்லை. கட்டடம் எழும்ப இரண்டு வருடம், தண்ணீர்க் குழாய் வர இன்னும் எட்டு மாதம். எல்லாம் முடிந்தபோது சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் கதவைப் பூட்டித் திறப்பைத் தன் கடையில் தொங்கவிட்டார். அந்தத் திறப்பின் இன்னொரு பிரதி கடைசி வருடம் முழுவதும் அக்காவின் கைப்பையில் இருந்தது.

நுண்கடனில் அவர் தோற்றதை விரித்து எழுத எனக்கு மனமில்லை. கிழமைக்குக் கிழமை வசூலுக்கு வந்தவர்களிடம் அயல்பெண்ணுக்காகக் குழுப் பிணை நின்றார். ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட சில கடன்களை 2018இல் அரசாங்கம் பொறுப்பேற்றபோது இந்தக் கடன் அந்த வரம்புக்கு மேலே இருந்தது. கணவரின் ஓய்வூதியத்தில் கட்டித் தீர்த்தார்கள்.

2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தலுக்குப் பணம் இல்லை என்றார்கள். அது நடந்தது 2025 மே 6இல். இடையில் இரண்டு வருடம், தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல், சபைச் செயலாளரான அதிகாரியின் கையொப்பத்தில் சபை ஓடியது. அக்காவுக்கு அது புதிதல்ல.

எழுதியவர் இல்லாத பட்டியல்

அதே 2023இல், சமுர்த்திக்குப் பதிலாக, அஸ்வெசும என்ற அரச உதவி வந்தது. இருபத்திரண்டு அளவுகோல்கள், அப்போது நான்கு பிரிவுகள்: நிலைமாறுவோருக்கு 2,500, பாதிப்புக்குட்பட்டோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000 ரூபா. கணக்கெடுப்பவர் வந்து கேட்டுப் பதிந்துகொண்டு போவார், பட்டியல் கணினியிலிருந்து வரும். தகரக் கூரைக்குப் பதிலாகச் சுனாமி வீட்டின் ஓட்டுக்கூரை இருந்ததால் விதவைகளின் பெயர் விழுந்தது என்று இந்த ஊரில் உறுதியாக நம்புகிறார்கள். எழுபத்தைந்து வயதில் அக்கா மேன்முறையீடுகளைச் சுமந்துகொண்டு மறுபடி பஸ் ஏறினார்.

"முந்திய பட்டியல்களிலும் அநியாயம் இருந்தது. ஆனால் எழுதியவன் வீடு எது என்று தெரியும், போய் வாசலில் நின்று கேட்கலாம். இதை எழுதியவர் யார் என்று கேட்டால், கணினி என்கிறார்கள். கணினியின் வாசலில் எப்படிப் போய் நிற்பது?" என்றார். புது உறுப்பினர்களுக்கான பயிற்சியில் இந்தக் கேள்வியை நான் இப்போது முதல் நாளிலேயே வைக்கிறேன். நல்ல பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் இந்த இடத்தில் நான் அக்காவோடு முழுவதும் உடன்படவில்லை. அவரோடு முரண்பட்ட நால்வரில் ஒருவர், ஊருக்குப் பின்புறத்து மலையகக் குடும்பமொன்றின் மகள். முன்பள்ளிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர். அவருடைய தாயின் பெயர் அஸ்வெசுமவில் வறியோர் பிரிவில் வந்திருக்கிறது. "எவரிடமும் போய் நிற்காமல் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் உதவி இதுதான், ஐயா" என்றார். செயலாளர் அக்காவைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல அவர் விரும்பவில்லை.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். எந்தக் குடும்பம் என்று கேட்டார். சொன்னதும் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். 1990ஆம் ஆண்டுக் கொப்பியைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்துக்குப் போனார். கோடு, அதன் கீழே 'ஏனையோர்', அதன் கீழே ஏழு பெயர்கள். நான்காவது அந்தத் தாயின் கணவர் பெயர், தலை எண்ணிக்கை ஐந்து. மேலே இருந்த ஊர்ப் பெயர்களுக்கு எதிரே எத்தனை இறாத்தல் அரிசி என்று குறித்திருந்தது. அந்த ஏழுக்கும் எதிரே இருந்த பத்தி வெறுமையாக இருந்தது. கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டுக் குறிக்கவில்லையா என்று அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, அன்று அரிசியை நிறுத்துக் கொடுத்தவர் யார் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார்.